கோயிலுக்கு ஆடையான காடு



மரத்தையும் சமயத்தையும் சேர்த்துப் பேச வெளிக்கிட்டால் நாம் உடனே தலவிருட்சத்துக்கு வந்துவிடுவோம். திருக்கேதீச்சரத்தின் வன்னி, மதுரையின் கடம்பு, தில்லைக்குப் பெயர் தந்த தில்லை மரம் என்று அந்தப் பேச்சு நீளும். திருமுருகாற்றுப்படை, முருகன் உறையும் இடங்களைச் சொல்லுமிடத்தில் காட்டையும் சோலையையும் ஆற்றையும் குளத்தையும் சேர்த்தே சொல்லுகிறது. இவற்றையெல்லாம் வகுப்பில் படிப்பிக்கிறவன் நான். இயற்கையைத் தெய்வமாகப் போற்றியது நமது சமயம், அதனை வெட்டி வீழ்த்தக் கற்றுக்கொடுத்தது மேனாட்டுச் சமயம் என்ற கருத்து மாணவர்களின் கட்டுரைகளில் ஆண்டுதோறும் ஏதோவொரு வடிவத்தில் வந்துகொண்டேயிருக்கிறது. அந்த வாக்கியத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி இடுவது என் வழக்கம். அந்தக் கேள்விக்குறிக்கு இன்று கொஞ்சம் விரிவாக விளக்கம் சொல்லலாம் என நினைக்கிறேன்.

முதலில் மாணவர்களுக்கு நியாயம் செய்யவேண்டும். அவர்கள் சொல்வதற்குக் கற்றோர் மத்தியிலும் ஆதரவு உண்டு. லின் வைற் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்று இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. உலகச் சமயங்களுள் மனிதனை மிக அதிகமாக நடுநாயகப்படுத்தியது மேற்குலகக் கிறிஸ்தவமே என்பது அவர் வாதம். மரத்திலும் ஊற்றிலும் தெய்வம் உறைகிறது என்ற நம்பிக்கையை அது அகற்றியதால், கோடரி பிடித்த கைக்கு இருந்த கூச்சமும் அகன்றுவிட்டது என்றார். வரலாற்றில் சான்றில்லாமலும் இல்லை. எட்டாம் நூற்றாண்டில், 723 அளவில், ஜேர்மனியின் கைஸ்மார் என்ற இடத்தில் இடித்தெய்வத்துக்குரியதாக மக்கள் வணங்கிவந்த பெரிய ஓக் மரத்தைப் புனித பொனிபாசியார் வெட்டி வீழ்த்தினார். அந்த மரத்தைக் கொண்டே ஒரு சிற்றாலயத்தையும் கட்டினார். அவரது வரலாற்றை எழுதியவர்கள் இதனைப் பெருமையாகவே பதிந்துவைத்தார்கள்.

ஆனால் வைற் குறிவைத்தது மேற்குத் திருச்சபையை. கிழக்குத் திருச்சபைகளின் போக்கு வேறு என்பதை அவரே குறிப்பிட்டார். அதுமட்டுமன்றி, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் என்று அக்கட்டுரையின் முடிவில் முன்மொழிந்தவரும் அவர்தான். 1979இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதனை அதிகாரபூர்வமாகவே அறிவித்தார். 1989இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் ஓர்தடொக்ஸ் முதுபெருந் தந்தை டிமித்திரியோஸ், செப்ரெம்பர் முதலாந் திகதியைப் படைப்புக்காக மன்றாடும் நாளாக்கினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் சுற்றுமடல் ஒன்றையே இதற்கென எழுதினார். நல்ல ஆவணங்கள்தாம். இருந்தும் எனக்குப் பிடித்த சான்று இந்த ஆவணங்களில் இல்லை. சுற்றுச்சூழல் என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கோயிலைச் சுற்றி மரம் நிற்கவேண்டும் என்று இருந்துவிட்ட ஒரு கிறிஸ்தவ சமூகம் ஆபிரிக்காவில் இருக்கிறது.

எத்தியோப்பியாவின் வடமேற்கில் தானா என்றொரு பெரிய ஏரி உண்டு. நீல நைல் அங்கேயிருந்துதான் புறப்படுகிறது. அதன் கிழக்கே பரந்திருக்கும் மேட்டுநிலத்துக்குத் தென்கொண்டார் என்று பெயர். வானிலிருந்து எடுத்த படத்தில் இந்த நிலத்தைப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணிறமான வயல்கள். தெஃப் என்ற சிறுதானியமும் பார்லியும் விளையும் நிலம். அறுவடைக்குப்பின் மாடுகள் மேய்ந்து வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமைக்கு நடுவே பச்சைப் பொட்டு வைத்தாற்போல வட்டம் வட்டமாகச் சிறு காடுகள். ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் ஒரு கூரை தெரியும். அது கோயில். தென்கொண்டாரில் மாத்திரம் இத்தகைய கோயிற்காடுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. பெரும்பாலானவை சிறியவை. 5 ஹெக்டேயர், அதாவது 12 ஏக்கர் என்றால் அது சாதாரண அளவு. நமது யாழ்ப்பாணக் கணக்கில் ஏறக்குறைய 200 பரப்பு.

இந்தச் சமூகம் எவ்வளவு பழையது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நான்காம் நூற்றாண்டில் தீர் நகரத்து இளைஞர் இருவர் செங்கடல் வழியே வந்த கப்பல் தாக்கப்பட்டு, அக்சும் அரசனின் அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான புருமெந்தியு பின்னர் அலெக்சாந்திரியாவுக்குச் சென்று, புனித அத்தனாசியாரின் கையால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு மீண்டும் வந்தார். அரசன் எசானா கிறிஸ்தவனானான். அவன் வெளியிட்ட நாணயங்களில் முதலில் பிறையும் வட்டமும் இருந்தன. பின்னர் அந்த இடத்தில் சிலுவை வந்தது. அன்று தொடங்கிய உறவினால் 1959 வரை அந்தத் திருச்சபையின் தலைமை அலெக்சாந்திரியாவுக்குக் கீழ்ப்பட்டிருந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த கிறிஸ்தவம் என்று எவரும் சொல்லமுடியாத கிறிஸ்தவம் அது.

அவர்களுடைய கோயில் அமைப்பை நம்மவர்கள் அறிந்தால் வியப்படைவார்கள். கிராமத்துக் கோயில் பெரும்பாலும் வட்டமானது. மூன்று சுற்றுகள் கொண்டது. வெளிச்சுற்றில் பாடகர்கள் நின்று பாடுவர். நடுச்சுற்றில் நற்கருணை வழங்கப்படும். உள்ளே கருவறை, குருமார் அன்றி வேறெவரும் நுழையக்கூடாது. அங்கே தாபோத் என்ற புனிதப் பலகை துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். மோசே பெற்ற கற்பலகைகளின் சாயலாக அதனைக் கொள்வர். கோயிலுக்குள் பாதணியோடு செல்வதில்லை. ஜனவரி மாதம் நடைபெறும் திம்கெத் விழாவில் குருமார் தாபோத்தைப் பட்டுத் துணியால் மூடித் தலையிற் சுமந்து, குடைபிடித்து, நீர்நிலைக்கு எடுத்துச்செல்வர். நமது தீர்த்தத் திருவிழாவைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

தாபோத்தின் புனிதம் கருவறைச் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அது நாற்புறமும் நாற்பது முழத் தொலைவுக்கேனும் பரவி நிற்கும். எனவே சுற்றிலுமுள்ள மரமும் அந்தப் புனிதத்துக்குள் அடங்கியது. காடு கோயிலின் ஆடை என்பார்கள். மரமில்லாத கோயில் உடுப்பில்லாத மனிதனைப் போன்றது என்று குருமார் சொல்வதுண்டு. இதில் அழகுணர்ச்சியைவிட மானவுணர்ச்சியே மேலோங்கி நிற்பதாக எனக்குப் படுகிறது. ஒருவனுடைய வேட்டியை உருவுவது எப்படியோ அப்படித்தான் கோயில் மரத்தை வெட்டுவதும். 'மரங்களைக் காப்போம்' என்ற சுவரொட்டிகளுக்கு இந்த வலிமை வராது.

அந்த வட்டங்களுக்குள் நிற்கும் மரங்களுக்கும் ஒவ்வொரு கதை உண்டு. தித் என்ற நெடிய சூனிப்பர். வெய்ரா என்ற காட்டு ஒலிவம். நாடாப்புழுவுக்கு மருந்தாகத் தலைமுறை தலைமுறையாக அவித்துக் குடித்துவந்த கோசோவின் பூ. நமது ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த வார்க்கா. வன்சா என்றொரு மரம். அது நமது நறுவிலியின் உறவு. அதனைக் குடைந்துதான் கோயிலின் பெரிய முரசுகளைச் செய்வார்கள். கோயில் திருத்தத்துக்கு மரம் வேண்டுமென்றால் எடுக்கலாம். விறகுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. காட்டுக்குள் ஊற்று இருந்தால் அது நோய் தீர்க்கும் தீர்த்தம். இறந்தவரை அங்கேதான் அடக்கம் செய்வர். மர நிழலில் சிறு குடிசைகளில் கோயிற் பள்ளி மாணவர்கள் தங்கியிருந்து, பழைய கீஸ் மொழியில் சங்கீதங்களையும் பாடல்களையும் மனனஞ் செய்வர். வீடுவீடாகச் சென்று வறுத்த தானியம் வாங்கி உண்பதால் அவர்களுக்கு அந்த வறுத்த தானியத்தின் பெயரே பட்டப்பெயர். கொலோ மாணவர் என்பார்கள். திண்ணைப் பள்ளியையும் குருகுலத்தையும் பாடப்புத்தகத்தில் மாத்திரம் அறிந்த என்போன்ற ஆசிரியனுக்கு, அவை இன்றும் மரத்தடியில் இருக்கின்றன என்பது பொறாமை தரும் செய்தி.

இங்கே ஒரு பழைய கூற்றையும் சரிபார்க்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவின் நூற்றுக்கு நாற்பது பங்கு காடாக இருந்தது, பின்னர் எல்லாம் அழிந்து கோயிலைச் சுற்றி மட்டும் எஞ்சியது என்று பல நூல்கள் எழுதுகின்றன. கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்பதுக்கு ஆதாரமான அளவீடு எதுவும் கிடையாது என்பதை வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். வொல்லோப் பகுதியில் ஹைக் என்ற ஏரியினதும் அதன் அயலிலுள்ள இன்னொரு ஏரியினதும் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து, அதில் படிந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள் 2003இல் ஒரு முடிவை வெளியிட்டனர். கி.மு. 500 அளவிலேயே அங்கு மனிதர் காட்டை அழித்துவிட்டனர். பல நூற்றாண்டுகள் பற்றையும் புல்லுமாகக் கிடந்த நிலத்தில், கி.பி. 1400க்கும் 1700க்கும் இடையில் சூனிப்பரும் ஒலிவமும் மீண்டும் தழைத்தன. கடந்த 300 ஆண்டுகளில் மறுபடியும் குறைந்தன.

அதே ஹைக் ஏரியில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் புகழ்பெற்று விளங்கிய புனித ஸ்தேவானின் துறவிமடம் இருக்கிறது. மடங்கள் பெருகிய காலத்தை அடுத்தே காடு திரும்பியது. துறவிகள்தான் காட்டை மீட்டார்கள் என்று முடிவுகட்ட ஆசை வரும். மழை கூடியதாலோ மக்கள் இடம்பெயர்ந்ததாலோகூடக் காடு மீண்டிருக்கலாம். ஆகவே அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே முறை. ஒன்றை மட்டும் துணிந்து சொல்லலாம். இந்தக் கோயிற்காடுகள் ஆதாம் காலத்திலிருந்து தொடப்படாமல் நின்றவை எனக் கொள்ள வேண்டியதில்லை. வெட்டியும் வளர்த்தும் இழந்தும் மீட்டும் மனிதரோடு வாழ்ந்த காடுகள் அவை. எனக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை.

இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1936 முதல் 1941 வரை எத்தியோப்பியா இத்தாலியரின் பிடியில் இருந்தது. 1938இல் அவர்கள் தமது தேவைக்காக விமானத்திலிருந்து நிலத்தைப் படம்பிடித்தனர். நாட்டைப் பறித்தவர்கள் எடுத்த படம், பின்னாளில் நாட்டின் காட்டுக்குச் சாட்சியாயிற்று. அவற்றைப் புதிய செய்மதிப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் 2017இல் வெளிவந்தன. கோயிற்காடுகள் பெரும்பாலும் அன்றைய அளவில் நிற்கின்றன. சில பெருத்தும் இருக்கின்றன. அழிந்துபோனவை கோயில்களுக்கு இடையே இருந்த பற்றைகளும் தனிமரங்களுமே. முன்னர் பச்சைத் தொடர்ச்சியாக இருந்தது இன்று தீவுகளாகிவிட்டது. எவரும் காட்டைக் காக்கவேண்டும் என்று புறப்படவில்லை, கோயிலைக் காத்தார்கள், அதன் நிழலில் காடும் பிழைத்தது என்ற பொருளில் ஆய்வாளர் இதனை 'நிழற் பாதுகாப்பு' என அழைத்தனர். பெயர் பொருத்தமானது.

அந்த நிழலுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1974ஆம் ஆண்டுப் புரட்சி. பேரரசர் ஹைலே செலாசியை அகற்றிய இராணுவ ஆட்சி, 1975 மார்ச் மாதத்தில் கிராமநிலம் முழுவதையும் அரசுடைமை ஆக்கியது. பல நூற்றாண்டுகளாகத் திருச்சபை அனுபவித்துவந்த மானியநிலங்கள் ஒரு பிரகடனத்தோடு போயின. முதுபெருந் தந்தை தெவோபிலோஸ் பதவி நீக்கப்பட்டு, 1979இல் கொல்லப்பட்டார். நிலமும் தலைமையும் போன பின்னரும் கோயிலைச் சுற்றியிருந்த வட்டம் நின்றது. அதனைக் காத்தது ஊர்ச்சனத்தின் அச்சமும் பற்றும்தான். அந்த ஆட்சி 1991இல் வீழ்ந்தது.

காட்டுக்குள் இருந்த வாழ்வெல்லாம் புனிதமானது என்று நினைத்துவிடவும் கூடாது. தானா ஏரிக்குள் நீண்டுநிற்கும் செகே தீபகற்பம், மடங்களும் கோப்பிமரங்களும் நிறைந்த அடர்ந்த காடு. அங்கே ஏர் பூட்டவும் மாடு வளர்க்கவும் கூடாது என்று ஆதித் துறவியொருவர் விதித்தார் என்பது மரபு. அந்த விதியால்தான் காடு நின்றது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோப்பிக்காட்டில் உழைத்தவர்களுள் அடிமைகளும் இருந்தார்கள். மரத்துக்குக் காட்டிய இரக்கம் அந்த மனிதருக்குக் காட்டப்படவில்லை.

நேயர்களுக்கு இந்நேரம் மடுவின் நினைவு வந்திருக்கும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தமது ஆலயத்தைக் கோயில் என்றே சொல்வர். மடுவும் காட்டு நடுவே நிற்கும் கோயில்தான். 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பிய குடும்பங்கள் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போயின. அங்கே காடு கோயிலுக்கு அடைக்கலம் தந்தது. எத்தியோப்பியாவில் காட்டுக்குக் கோயில் அடைக்கலம் தந்தது. மடுவின் மண்ணுக்குப் பாம்பு விஷத்தை முறிக்கும் ஆற்றல் உண்டென்று சைவர்களும் எடுத்துவந்து வீட்டில் வைத்திருந்ததை நம்மில் பலர் அறிவோம்.

மீண்டும் தென்கொண்டாருக்கு வருவோம். அலெமாயெஹு வாசி எஷேத்து என்பவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர், காட்டியல் படித்தவர். தன் நாட்டின் இயற்கைக் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது என்பதை உணர்ந்து, 28 கோயிற்காடுகளை ஆராய்ந்து, 2007இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த 28 காடுகளில் 168 வகை மரஞ்செடிகொடிகளைக் கணக்கெடுத்தார். அதோடு வேறொன்றையும் கண்டார். பெரிய மரங்கள் நிற்கின்றன; கன்றுகள் இல்லை. கிழவர்கள் மாத்திரம் வாழும் ஊர்போல ஆகிவிட்டது காடு. காரணம் கோடரியல்ல, மாடு. வெளியே புல் குறையக் குறைய மாடும் ஆடும் கோயில் நிழலுக்கு வந்தன. முளைத்ததையெல்லாம் மேய்ந்தன, மிதித்தன. மரத்தை வெட்டாதே என்றிருந்த கட்டுப்பாட்டில் மாட்டை விடாதே என்பது இருக்கவில்லை. வேலியடைத்த சிறு துண்டுகளில் அவர் விதையும் கன்றும் இட்டுப் பார்த்தார். மாடு புகாத இடத்தில் கன்றுகள் பிழைத்தன.

அமெரிக்கத் தாவரவியலாளர் மார்கரெற் லோமன் பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். குருமாரைக் கூட்டி, அவர்களுடைய கோயில்களின் படங்களை வானிலிருந்து எடுத்தபடி சுவரில் விழுத்திக் காட்டினார்கள். தம் கோயிலை அவர்கள் அதற்குமுன் மேலிருந்து பார்த்ததில்லை. சுற்றிலும் வெறுமை, நடுவே தம்முடைய பச்சைப் பொட்டு, அதன் விளிம்பு தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதன்பின் நடந்தது மிக எளிய காரியம். கல்மதில் கட்டினார்கள். மதில் உள்ள கோயில்களில் காடு நன்றாக இருப்பதை அலெமாயெஹு ஏற்கெனவே கவனித்திருந்தார். சீமெந்து வேண்டியதில்லை, வயலில் ஏருக்குத் தடையாகக் கிடந்த கற்களைப் பொறுக்கிவந்து அடுக்கினால் போதும். வயலுக்கும் நன்மை, காட்டுக்கும் நன்மை. வெளியிலிருந்து கொஞ்சம் பணம் வந்தது. கல்லும் தோளும் ஊரவருடையவை. சாரா, தெப்ரெசேனா முதலிய கோயில்களில் தொடங்கிப் பல இடங்களுக்கு இது பரவியது. சில கோயில்களில் விளிம்புக்கு அப்பால் சற்றுத் தள்ளி மதிலை எழுப்பினார்கள், காடு நடந்துவர இடம் விட்டு.

மதிலால் தடுக்கமுடியாத விருந்தாளியும் ஒருவர் உண்டு. அது யூக்கலிப்ரஸ். 1890களில், புதிய தலைநகராகிய அடிஸ் அபாபாவின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க மெனெலிக் பேரரசர் காலத்தில் அவுஸ்திரேலியாவின் இம்மரம் வந்தது. அம்ஹாரிக் மொழியில் அதற்கு 'கடலுக்கப்பாலான மரம்' என்று பெயர். விரைவில் வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், காசு தரும். நிலத்தை இழந்த கோயில்கள் குருமாருக்குப் படியளக்கவும் கூரை மாற்றவும் காட்டின் ஓரத்திலேயே அதனை நட்டன. சூழலியலாளர் இதனைக் குறை கூறுகின்றனர். அதன் நிழலில் பழைய மரங்களின் கன்றுகள் எழும்புவது கடினம். ஆனால் வருமானமில்லாத கோயிலின் குருவைப் பார்த்து, தூரத்திலிருந்து நான் அதனைச் சொல்லத் தயங்குவேன். உள்ளே ஆதிமரங்கள் நிற்கவேண்டும் என்பதற்காகவே வெளியே காசுமரம் நடுகிறோம் என்று அவர் சொன்னால், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கட்டிய மதில்களுக்கு அண்மைக்காலச் சோதனை போர். 2020 நவெம்பரில் திக்ரேயில் மூண்ட யுத்தம் 2021இல் தென்கொண்டார்வரை வந்தது; அதன் தலைமை நகரான தெப்ரெ தாபோரில் ஷெல்கள் விழுந்தன. 2022 நவெம்பரில் அந்தப் போர் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. மறு ஆண்டே, 2023இல், அம்ஹாரா மாநிலத்தில் அரச படைகளுக்கும் பானோ என்ற ஆயுதக்குழுவினருக்கும் இடையே மோதல் வெடித்து, ஓகஸ்ற்றில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. போர்க்காலத்தில் மரத்துக்கு என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வடக்கில் எத்தனை பனைகள் தறிக்கப்பட்டன என்பதைக் கண்டவர்கள் நாம். மண்ணெண்ணெய் இல்லாத நாட்களில் விறகுக்கு எந்த மரம் என்று பார்த்தா வெட்டினோம்?

மதிலுக்குள் முளைத்த சூனிப்பர்க் கன்றுகளில் பழையனவற்றுக்கு இப்போது பதினைந்து வயது இருக்கும். சூனிப்பர் மெல்ல வளரும் மரம். கோயிற் கூரைக்கு வளை எடுக்கும் பருவத்துக்கு அவை வர இன்னும் பல பத்தாண்டுகள் செல்லும்.